புதிய மீன்களுக்கு நான்கு வாரத் தனித்தொட்டி

கடையில் வாங்கிய மீனை அன்று மாலையே வீட்டுத் தொட்டிக்குள் விட்டுவிடுவது பலரது வழக்கம். கடையில் அது துடிப்பாகவே நீந்தியிருக்கும். ஒரு வாரம் கழித்து அதன் துடுப்பில் உப்புத்தூள் தெறித்ததுபோல் வெண்புள்ளிகள் தோன்றும். அடுத்த சில நாட்களில் ஆண்டுக்கணக்காக வளர்த்த மீன்களும் அதே நோயில் விழும். புதுவரவை நான்கு வாரங்கள் வேறொரு தொட்டியில் வைத்துப் பார்ப்பதே இவ்விழப்பைத் தவிர்க்கும் வழி. இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை, பொறுமைதான் தேவை.

மொன்றியல் கடைகளில் விற்கப்படும் வெப்பமண்டல மீன்களிற் பல, சிங்கப்பூர், தாய்லாந்து, இலங்கை போன்ற நாடுகளின் பண்ணைகளில் பிறந்தவை. பையில் அடைபட்டு, பட்டினியுடன் பறந்து, மொத்த விற்பனையாளரின் தொட்டியிலும் கடைத் தொட்டியிலும் பிற மீன்களுடன் கலந்தே அவை வீடு வந்து சேர்கின்றன. களைப்புற்ற மீனின் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி முதலில் தோலுக்கடியில் வளர்கிறது. பின்னர் கழன்று தொட்டியின் அடியில் ஒட்டிப் பெருகி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக நீரில் நீந்தி வேறு மீனைத் தேடுகிறது. நீந்தும் பருவத்தில் மட்டுமே மருந்து அதைக் கொல்லும். 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இச்சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்; குளிர்ந்த நீரில் பல வாரங்கள் இழுபடும். புள்ளி மறைந்தவுடன் நோய் தீர்ந்தது என எண்ணுவது பிழை. நான்கு வாரங்கள் எனக் கூறப்படுவதற்குக் காரணம் இதுவே.

சிறிய மீன்களுக்கு 40 லீற்றர் தொட்டி போதும். தங்கமீனுக்கு அதைவிடப் பெரியது வேண்டும். மூடி அவசியம், அஞ்சிய மீன் துள்ளி வெளியே விழும். அடியில் கூழாங்கல் இட வேண்டாம். கழிவும் ஒட்டுண்ணியும் அதனிடையே தங்கும். வெறுங்கண்ணாடியைத் துடைப்பதும் எளிது. பதுங்குவதற்குப் பிளாஸ்ரிக் குழாய்த் துண்டுகள் இரண்டு இட்டால் மீன் விரைவில் அமைதியடையும். நிலவறையில் தொட்டியை வைப்போர் வெப்பமூட்டியையும் வெப்பமானியையும் மறக்கலாகாது. சனவரி மாதத்தில் கடையிலிருந்து வரும் வழியிலேயே பை நீர் குளிர்ந்துவிடும் என்பதால், மீன்பையைக் காப்புப் பெட்டியில் கொண்டுவருவது நன்று.

பலர் தவறுவது வடிகட்டியில்தான். மீனின் கழிவிலிருந்து வெளிப்படும் அமோனியா அதன் செவுள்களை எரிக்கும் நஞ்சு. பழகிய தொட்டியில் நற்பக்டீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. நேற்று நிரப்பிய தொட்டியில் அவை இல்லை. ஆகவே நோய்க்கு அஞ்சித் தனிமையில் வைத்த மீன் நஞ்சினால் மாள்வதுண்டு. இதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு: பஞ்சு வடிகட்டி ஒன்றை முதன்மைத் தொட்டியின் மூலையில் எப்போதும் இயங்கவிட வேண்டும். புது மீன் வரும் நாளில் அதனைத் தனித்தொட்டிக்கு மாற்றினால், பக்டீரியாக்களும் உடன் வந்துவிடும். அவ்வாறு செய்யாதவர்கள் நாள்தோறும் நீரைப் பரிசோதித்து, அமோனியாவோ நைத்திரைற்றோ தென்பட்டால் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய் நீரில் குளோரின் உண்டு. நீர்ப் பதப்படுத்தி கலந்த பின்னரே ஊற்றலாம். குளிர்காலத்தில் குழாய் நீர் உறைநிலைக்குச் சற்றே மேல் இருக்கும். வெந்நீர் கலந்து தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவருவது முக்கியம்.

வலை, வாளி, உறிஞ்சுகுழாய் யாவும் இத்தொட்டிக்குத் தனியாக இருத்தல் வேண்டும்; ஈரமான வலை ஒன்றே நோயைக் கடத்தப் போதுமானது. முதலில் பழைய தொட்டி, பிறகு தனித்தொட்டி என்ற வரிசையில் பராமரிப்பதும், இறுதியில் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும் நல்ல பழக்கம். மீன்களைத் தாக்கும் ஒருவகை மைக்கோபக்டீரியா, கையிலுள்ள காயத்தின் வழியே மனிதரின் தோலிலும் நாள்பட்ட புண்ணை உண்டாக்கக்கூடியது. காயமுள்ளோர் கையுறை அணிய வேண்டும்.

நோய்க்குறி தென்படாதபோது மருந்துகளைக் கலந்து ஊற்றுவதில் பயனில்லை. உண்ணும் விதம், மூச்சின் வேகம், துடுப்பு, கழிவின் நிறம் ஆகியவற்றை நாள்தோறும் கவனிப்பதே முதன்மையான வேலை. மருந்திடும்போது கரித்தூள் வடிகட்டியை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் கரி மருந்தை உறிஞ்சிவிடும். மருத்துவத்துக்கு முக்கியமான நுண்ணுயிர்க்கொல்லிகளை விலங்குகளுக்கு வாங்க, 2018 டிசம்பர் 1 முதல் கனடா முழுவதிலும் கால்நடை மருத்துவரின் மருந்துச்சீட்டு தேவை.

முற்றத்துக் குளத்தில் கொய் கெண்டை வளர்ப்போருக்கு ஒரு தனிக் குறிப்பு. கொய் ஹேர்ப்பிஸ் வைரசு நீர் குளிர்ந்திருக்கும்போது வெளிப்படாமல் ஒளிந்திருக்கும்; ஏறத்தாழ 17 முதல் 28 பாகை வரையான நீரிலேயே அது மீனைக் கொல்கிறது. இலையுதிர்காலத்தில் வாங்கிய கொய்யைக் குளிர்ந்த நிலவறையில் எத்தனை மாதம் தனிமைப்படுத்தினாலும் எதுவும் தெரியவராது. நீரை 20 பாகைக்கு மேல் சூடாக்கி வைத்துப் பார்க்க வேண்டும். 2007 இல் ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகளில் காட்டுக் கெண்டைகள் கூட்டமாக மடிந்தமைக்கு இவ்வைரசே காரணமாகக் கண்டறியப்பட்டது.

நீர்த்தாவரங்களுக்கும் தனிமை தேவை. 2021 மார்ச்சில் வட அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்ட பாசிப்பந்துகளுக்குள் வரிக்குதிரைச் சிப்பிகள் காணப்பட்டன. ஏரிகளையும் நீர்க்குழாய்களையும் அடைத்துப் பெருகும் அயல் உயிரினம் அது. ஒட்டாவா ஆற்றின் நீர் சென்-லூயி ஏரியில் இறங்கும் முனையில் அமைந்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இதனைச் சிறிதாக எண்ண இயலாது. வேண்டாத மீனையோ தாவரத்தையோ கால்வாயிலும் கரையோரத்திலும் விடுவது இரக்கமன்று. அயல் நீர்வாழ் உயிரினத்தை அனுமதியின்றி இயற்கை நீர்நிலைகளில் விடுவதை 2015 ஆம் ஆண்டின் கூட்டாட்சி ஒழுங்குவிதிகள் தடைசெய்கின்றன. கடைக்குத் திருப்பிக் கொடுக்கவோ, மற்றொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைக்கவோ முயலலாம். தொட்டி நீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றாமல், வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்ற வேண்டும். இறந்த மீனை உறையிலிட்டுக் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

நான்கு வாரங்கள் குறையின்றிக் கழிந்தால் மீனை மட்டும் வலையில் எடுத்து முதன்மைத் தொட்டிக்கு மாற்றலாம், நீரை அல்ல. இடையில் நோய் தோன்றினால், கடைசிக் குறி மறைந்த நாளிலிருந்து நான்கு வாரங்களை மீண்டும் எண்ண வேண்டும். அத்தொட்டியில் இருந்த பஞ்சை எறிந்துவிட்டு, கண்ணாடியை நீர்த்த வெளிற்றும் திரவத்தால் கழுவி, நன்கு அலசி, முழுவதும் உலர விட வேண்டும். அடுத்த மீனுக்கான புதிய பஞ்சை அன்றே பழைய தொட்டியில் இயங்கவிடலாம்.