எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடுதல்

அகராதி என்பது சொல்லின் முதலெழுத்தை அறிந்தவர்க்கே வழிகாட்டும் நூல். 'கியூ' என்னும் எழுத்திலே தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் யாவை என்று கேட்டால் அது உடனே விடை தரும். அவ்வெழுத்தை இடையிலோ இறுதியிலோ கொண்ட சொற்கள் யாவை என்று கேட்டால் வாய் திறவாது. சொல்விளையாட்டில் ஈடுபடுவோர் பெரும்பாலும் கேட்பதோ இந்த இரண்டாவது கேள்வியையே. கைக்கு வந்த எழுத்துகளைக் கொண்டு எந்தச் சொல்லை ஆக்கலாம் என்பதே அவர்களுடைய சிக்கல். இச்சிக்கலைப் பல நாட்டு வீடுகளுக்குள்ளும் கொண்டுசென்ற விளையாட்டு 'ஸ்கிறபிள்' ஆகும்.

1930களில் அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் வாட்டியபோது, அல்பிரட் பட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் தொழிலை இழந்தார். அறிவும் அதிர்ஷ்டமும் கலந்த விளையாட்டொன்றை ஆக்கி விற்கலாம் என்று அவர் எண்ணினார். அதற்காகச் செய்தித்தாள்களை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று பொறுமையுடன் எண்ணிக் கணக்கிட்டார். அந்தக் கணக்கே விளையாட்டின் அத்திவாரமாயிற்று. விளையாட்டுப் பொருள் செய்வோர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். ஜேம்ஸ் புரூனோ என்பவர் 1948இல் அதனைப் பொறுப்பேற்று, இன்று வழங்கும் பெயரைச் சூட்டிய பின்னரே அது பரவத் தொடங்கியது.

இவ்விளையாட்டின் ஆங்கிலப் பெட்டியில் 100 வில்லைகள் உள. அவற்றுள் 'ஈ' 12, 'ஏ' 9, 'ஐ' 9, 'ஓ' 8, 'யூ' 4 ஆகும். எனவே 42 வில்லைகள் உயிரெழுத்துகளே. 'கியூ'வும் 'இசெட்'டும் ஒவ்வொன்றே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. அடிக்கடி வரும் எழுத்துக்குப் புள்ளி குறைவு. அருகி வரும் எழுத்துக்குப் புள்ளி அதிகம். ஆயினும் 'எஸ்' மாத்திரம் வழக்கிலே மிகுதியாக இருந்தும் 4 வில்லைகளே பெற்றது. பெயர்ச்சொல்லின் ஈற்றில் அதனைச் சேர்த்துப் பன்மையாக்கி எளிதிற் புள்ளி பெற்றுவிடலாம் என்பதே அதற்குக் காரணம்.

'கியூ' கைக்கு வந்ததும் பலர் கலங்குவர். அதன் பக்கத்தில் 'யூ' இருந்தே தீரவேண்டும் என்று பள்ளியிலே கற்றிருப்பதே அதற்குக் காரணம். இவ்வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் அரசியைக் குறித்த சொல் 'சீ', 'டபிள்யூ' என்னும் எழுத்துகளாலே தொடங்கிற்று. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சு முறையிலே பயின்ற எழுத்தர்கள் அந்த ஒலியைக் 'கியூ'வும் 'யூ'வும் சேர்த்து எழுதலாயினர். ஆகவே, 'யூ' இல்லாத 'கியூ'வைத் தேடுவோர் வேற்று மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற் குடியேறிய சொற்களையே நாடவேண்டும். சீனர் உயிராற்றலைக் குறிக்கும் 'கி' என்னும் ஈரெழுத்துச் சொல் ஒன்று. யேமன் நாட்டவர் மெல்லும் இலையின் பெயராகிய 'கட்' மற்றொன்று. நாம் பக்கிரி என்று வழங்கும் அரபுச் சொல்லின் ஆங்கில வடிவங்களுள் ஒன்றிலும் அவ்வெழுத்து 'யூ'வின் துணையின்றியே நிற்கின்றது.

இவ்வாறு குடியேறிய சொற்களிலே தமிழ்ச் சொற்களும் உள. நம் கடற்கரை மீனவரின் கட்டுமரம் ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்துச் சொல்லாயிற்று. அதில் 'ஏ' மாத்திரம் நான்கு முறை, ஒன்றுவிட்டொன்றாக வருகின்றது. கையில் 'ஏ' குவிந்துவிட்டதென வருந்துவோர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

இனி, தேடும் முறையைப் பார்ப்போம். ஒரு சொல்லின் எழுத்துகளை அகர வரிசைப்படி அடுக்குவதே தேர்ந்த ஆட்டக்காரரின் வழி. தேநீரைக் குறிக்கும் 'ரீ' என்ற சொல்லை அடுக்கினால் 'ஏ, ஈ, ரீ' என்று வரும். உண்ணுதலைக் குறிக்கும் 'ஈட்', உண்டதைக் குறிக்கும் 'எய்ட்' ஆகியனவும் அதே அடுக்கையே தரும். இவ்வாறு அடுக்கிய பட்டியலிலே ஒரே எழுத்துக் குடும்பத்துச் சொற்கள் ஓரிடத்திற் கூடுகின்றன. கணினியும் இம்முறையைக் கையாண்டு நொடிப்பொழுதிலே விடை தரவல்லது.

மற்றொரு முறை, ஆறெழுத்து அடிச்சொல் ஒன்றை மனத்திற் கொள்ளுதல். விழித்திரையைக் குறிக்கும் 'ரெற்றினா' அத்தகையது. அதன் எழுத்துகளோடு 'சீ' சேர்ந்தால் நிச்சயம் என்னும் பொருளுள்ள 'சேட்டின்' பிறக்கும். 'ஜீ' சேர்ந்தால் கருங்கல்லாகிய 'கிரனைற்' பிறக்கும். 'பீ' சேர்ந்தால் ஓவியனாகிய 'பெயின்ரர்' பிறக்கும். ஏழு வில்லைகளையும் ஒருங்கே வைப்பவருக்கு 50 புள்ளி மேலதிகமாகக் கிடைக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. எழுத்துகளை அறிதல் மொழியை அறிதலாகுமா? நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிறபிள் உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சொற்களின் வடிவத்தை மாத்திரம் மனனஞ் செய்தே அவர் வென்றார். அவரது நினைவாற்றல் வியக்கத்தக்கது. ஆனால், ஆங்கிலம் பயிலும் மாணவர்க்குப் புள்ளி ஆட்டத்தோடு முடிந்துவிடும். பொருளே பின்னும் பயன்படும். புதிய சொல்லொன்றைப் பலகையில் வைத்தவர், ஆட்டம் முடிந்தபின் அகராதியைத் திறந்து அதன் பொருளைப் பார்ப்பாராயின், முதலெழுத்தையே கேட்கும் அந்தப் பழைய நூல் அப்பொழுது தயங்காது விடை தரும்.