காருக்குள்ளே ஒரு கூண்டு!

கிளிக்குக் கூண்டு தெரியும். புலிக்குக் கூண்டு தெரியும். காருக்கு?

ரேஸ் டிராக்கில் ஓடும் காருக்குள் எட்டிப் பாருங்கள். பின் ஸீட்டைப் பிடுங்கிவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக எஃகுக் குழாய் ஓட்டியிருப்பார்கள். இதுதான் 'ரோல் கேஜ்'. கார் உருண்டால் கூரை அப்பளமாகலாம். உள்ளே இருக்கிற ஆள் ஆகக் கூடாது!

2020 ஜனவரியில் மான்டி கார்லோ ராலி. எஸ்தோனியா வீரர் ஓட் டானாக்கின் ஹூண்டாய் கார் சுமார் 180 கி.மீ. வேகத்தில் மலைப்பாதையை விட்டுப் பறந்து, பல்டி அடித்துக்கொண்டே சரிவில் இறங்கியது. டானாக்கும் துணை ஓட்டுநரும் காரை விட்டுத் தாங்களாகவே வெளியே வந்தார்கள். ஸீட், பெல்ட், ஹெல்மெட்டோடு சேர்ந்து கூண்டும் செய்த புண்ணியம் அது.

என் அண்ணன் மகனுக்கு ஒரு பழைய எஸ்டீமை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்ட ஆசை. "சித்தப்பா, கூண்டு போடணும். கூட வாங்க" என்றான். முப்பது வருஷம் குழாய்களோடு குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை.

முதலில் போன பட்டறையில் ஒரு கூண்டு பளபளவென்று மின்னியது.

"என்ன பைப்புப்பா இது?"

"தண்ணி லைனுக்குப் போடறதுதான் சார். செம ஸ்ட்ராங்! யானை ஏறினாலும் அசையாது."

"யானை ஏறாதுப்பா. கார்தான் கவிழும்."

வெளியே வந்துவிட்டோம்.

ஜி.ஐ. பைப் தண்ணீருக்குத்தான். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கையும் கெடுக்கும். உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி கேட்பது, நீளவாக்கில் ஒட்டுப் போடாத 'சீம்லெஸ்' எஃகுக் குழாய். ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். குழாயைச் சூடாக்காமல் வளைக்க வேண்டும். வளைத்த இடத்தில் நசுங்கியோ சுருங்கியோ இருந்தால், மடங்கப் போவது அங்கேதான்.

அடுத்தது, குறுக்குக் குழாய். காலித் தீப்பெட்டியின் வெளிக்கூட்டை விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குச்சியை வைத்துத் தள்ளிப் பாருங்கள், அசையாது. சும்மா நாலு கால் நிற்பது பந்தல்; முக்கோணம் இருந்தால்தான் கூண்டு.

முக்கியமான சமாசாரம் காலடியில் இருக்கிறது. கூண்டு இரும்புத் தூணாக இருந்தும், அது நிற்கிற கார்த் தரை தகரம்தானே! கவிழும்போது குழாய் தரையைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு காலுக்கும் கீழே 120 சதுர செ.மீ. பரப்பு, 3 மி.மீ. கனத்துக்குக் குறையாத பிளேட்டைக் காரின் உடம்போடு வெல்டிங் செய்யச் சொல்கிறது விதி.

வெல்டிங் குழாயைச் சுற்றி முழு வட்டமாக இருக்க வேண்டும். கூரையை ஒட்டிய பக்கம் டார்ச் எட்டாது. சில பட்டறைகளில் "அங்க யார் சார் பாக்கப் போறா?" என்று விட்டுவிடுவார்கள். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பாருங்கள். பெயின்ட் எல்லாப் பாவத்தையும் மறைத்துவிடும். இரண்டாவது பட்டறைக்காரர் தானே டார்ச் லைட்டைக் கையில் கொடுத்து, "நல்லா பாருங்க சார்" என்றார். அங்கேயே வேலையைக் கொடுத்துவிட்டோம்.

"சித்தப்பா, இதுலயே ஆபீஸும் போயிட்டு வரலாமா?" என்றான் பையன்.

"கூடாது!"

டிராக்கில் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. உடம்பை ரேஸ் பெல்ட் ஸீட்டோடு கட்டிப் போடுகிறது. ஆபீஸுக்கு வெறும் தலையோடு போவான். சாதாரண மோதலிலேயே மண்டை போய்க் குழாயில் இடிக்கும். காப்பாற்ற வந்த கூண்டே காலனாகிவிடும். சாதாரண ஸ்பாஞ்ச் சுற்றினால் போதாது. தலை படக்கூடிய இடத்தில் அதற்கென்றே உள்ள கெட்டியான பேடிங் வேண்டும். அதுவும் ஹெல்மெட் போட்ட தலைக்குத்தான்!

போட்டியில் இறங்குகிறவர்கள், பட்டறைக்குப் போவதற்கு முன் அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். கூண்டு போட்ட பிறகு படித்தால், கூண்டை அறுத்தெடுக்க இன்னொரு பட்டறை தேட வேண்டியிருக்கும்!