கர்ப்பகால நீரிழிவும் குழந்தையின் நிறையும்

தோட்டத்துக்குத் திரும்பும் கர்ப்பிணித் தாய்மார்களே, பெரிய குழந்தை என்றால் ஆரோக்கியமான குழந்தை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

தாயின் இரத்தத்தில் கூடும் சீனி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் செல்லாது. அதனால் குழந்தையின் கணையமே அதிக இன்சுலினைச் சுரக்கும். கருவில் அது வளர்ச்சி ஹோர்மோன் போலவும் செயற்பட்டு, தோளிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கும். நிறை 4 கிலோவைத் தாண்டினால் பிரசவத்தில் தோள் சிக்கும் ஆபத்து கூடும். பிறந்தபின் குழந்தையின் சீனி திடீரெனக் குறையலாம். ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள்.

24 முதல் 28 வாரங்களுக்குள் சீனிப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். இடம்பெயர்வில் கர்ப்பிணிப் பதிவட்டை தொலைந்திருந்தால் தோட்டத்துக்கு வரும் மருத்துவ மாதுவிடம் உடனே சொல்லுங்கள். வைத்தியர் இன்சுலின் ஊசி தந்தால் பயப்படாமல் போடுங்கள். சீனி போட்ட தேநீரைக் குறையுங்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். பிரசவத்தை டிக்கோயா அல்லது நுவரெலியா வைத்தியசாலையில் முன்கூட்டியே திட்டமிடுங்கள்.