விரல்கள் கண்டறியும் கட்டி

மார்பகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க மேமோகிராம் எனும் எக்ஸ்ரே பரிசோதனை உதவுகிறது. அந்த வசதி எட்டாத குடிசைப் பகுதிப் பெண்களுக்கு என்ன வழி? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. ஆய்வில் சேர்ந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் பாதிப்பேருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுப் பரிசோதனை. எக்ஸ்ரே கிடையாது, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் விரல்களால் அழுத்தித் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான். 20 ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, பரிசோதனை பெற்றவர்களில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. எத்தனை தாய்மார்கள் பிழைத்திருக்கிறார்கள்! 50-க்குக் குறைந்தவர்களிடம் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை.

நேயர்களே, பரிசோதனைக்கு அழைத்தால் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். கட்டி தட்டுப்பட்டால், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.