மின்மோட்டரின் வேகத்தை ஆளுதல்

சுமை கூடினும் குறையினும் மோட்டர் குறித்த வேகத்திற் சுழலல் வேண்டும். மின்தூக்கியிற் செல்வோர் அதிர்வின்றி இறங்குவது இதனையே பொறுத்தது. வேகமானி காட்டும் வேகத்தை நாம் வேண்டிய வேகத்தோடு ஒப்பிட்டு, வேற்றுமைக்கேற்ப ஊட்டும் மின்னைத் திருத்துதலே பின்னூட்டல் எனப்படும்.

திருத்தம் மெலிதாயின் மோட்டர் சோம்பும். மிஞ்சினால் வேகம் இலக்கைத் தாண்டியும் தாழ்ந்தும் ஊசலாடும். வேற்றுமைக்கு நேர்விகிதமான திருத்தம் மட்டும் போதாது. சுமையின் கீழ்ச் சிறு குறையொன்று எஞ்சியே நிற்கும். அக்குறையை இடைவிடாது கூட்டிச் சேர்க்கும் தொகையீட்டுத் திருத்தமே அதனைப் போக்கும்.

எவ்வளவு திருத்துவது? 1942 இல் சீக்லர், நிக்கல்சு என்னும் இருவர் வழியொன்று வகுத்தனர். தொகையீட்டை நீக்கி, ஊசலாட்டம் ஓயாது நிலைக்கும்வரை விகிதத் திருத்தத்தை உயர்த்துக, அவ்வளவில் 0.45 பங்கைக் கொள்க. தொகையீட்டுக் காலத்தை ஊசற்காலத்தின் 0.83 பங்காக வைக்க என்பர். ஆயினும், சுமை பூட்டிய மோட்டரை வேண்டுமென்றே ஊசலாட விடுதல் பற்சில்லுக்கும் அச்சுக்கும் கேடு; நாம் அதனை விரும்போம். உள்ளிருக்கும் மின்னோட்டச் சுற்றை முதலிற் செம்மைசெய்து, அதனினும் மெதுவாய் இயங்குமாறு வேகச் சுற்றைப் பின்னர் அமைத்தலே நன்று. மின்னோட்டம் தன் எல்லையைத் தொட்டவிடத்துத் தொகையீட்டை நிறுத்திவைத்தலும் வேண்டும். அன்றேல் அது வீணே பெருகி, வேகத்தை இலக்கின் மேலே எறியும்.