காசநோய் போல் தோன்றும் பூஞ்சை நோய்: பெற்றோர் கவனத்திற்கு

பூஞ்சை என்றால் படர்தாமரை, தேமல், கைக்குழந்தையின் வாயில் படியும் வெள்ளை ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், அரிதாகச் சில குழந்தைகளுக்குப் பூஞ்சை இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவிவிடுகிறது. எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கே இது வரும் என்று பலரும் எண்ணுகிறோம். நன்றாக ஓடியாடிய பிள்ளைக்கும் வரலாம் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ், வௌவால், பறவை எச்சம் கலந்த மண்ணில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா போன்றவை மூச்சோடு நுரையீரலுக்குள் செல்கின்றன. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. பரவிவிட்டாலோ வாரக்கணக்கில் காய்ச்சல், எடை குறைதல், கழுத்தில் நெறிகட்டுதல், கல்லீரல், மண்ணீரல் வீக்கம் தோன்றும். இவை காசநோய்க்கும் உரிய அடையாளங்கள். சிலருக்கு நடுவில் குழிவிழுந்த சிறு பருக்களும் எலும்பில் வீக்கமும் வரும். மூளையைத் தாக்கினால் விடாத தலைவலி, வாந்தி, மாறுகண் ஏற்படும்.

எனவே காசநோய் மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தும் குழந்தை தேறவில்லை என்றால் மருத்துவரிடம் மீண்டும் சென்று, "பூஞ்சைக்கும் பரிசோதிக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். நெறிக்கட்டியிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ சிறிது எடுத்துச் சோதித்தால் தெரியவரும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. ஆரோக்கியமாகத் தெரியும் சில பிள்ளைகளிடம் பிறவியிலேயே எதிர்ப்பு சக்தியில் ஒரு குறை மறைந்திருக்கும். ஈரானில் உறவுமுறைத் திருமணங்கள் நடந்த ஒரு குடும்பத்தில், பூஞ்சைத் தொற்றுக்குக் காரணமான 'கார்டு9' மரபணுக் குறையை 2009-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இத்தகைய குறைகளில் பல, தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளையைப் பாதிக்கும். சொந்தத்தில் நிக்காஹ் செய்தவர்களிடம் இதற்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆகவே நீங்கள் மாமன் மகள், சித்தி மகன் என்ற உறவானால் அதையும், முன்பு ஒரு குழந்தை காய்ச்சலில் மவுத்தாகியிருந்தால் அதையும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இது யாருடைய குற்றமும் அல்ல. மறைத்தால் சிகிச்சைதான் தாமதமாகும்.

இந்நோய்க்கு மருந்து உண்டு. முதலில் ஊசி, பிறகு பல மாதங்கள் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் திரும்பி வரும். இந்த இரு பூஞ்சைகளும் பிள்ளையிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதில்லை, ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. பரிசோதனைச் செலவை எண்ணித் தயங்குவோர் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.