உங்களுக்குத் தெரியுமா? காவிரி வயலில் அடிமைகள்

ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலிலேயே (1887) கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு. அந்த அளவுக்குப் பேர் போன சரக்கு! புகையிலை என்றாலே அடிமைகள் என்றிருந்த ஊர் அமெரிக்காவின் வர்ஜீனியா. ஆனால் நம் திருச்சியில் அடிமைகள் நின்றது நெல் வயலில்.

1819இல் திருச்சி கலெக்டர் சி. எம். லஷிங்டன் வருவாய் வாரியத்துக்கு எழுதிய அறிக்கையே இதற்குச் சாட்சி. காவிரி பாயும் நஞ்சைகளில் சேற்றில் இறங்கி உழுததும், நட்டதும், அறுத்ததும் பெரும்பாலும் பள்ளர்கள். நிலத்தின் சொந்தக்காரர்கள் மிராசுதார்கள். அவர்களில் மிகுதியானோர் பிராமணர்கள். நிலத்தை விற்றால் ஆளும் சேர்ந்து கைமாறினார். கடனுக்கு ஆளை அடகு வைப்பதும் உண்டு. இப்படிக் கட்டுண்ட பண்ணையாளின் பிள்ளையும் பண்ணையாளே. விளைச்சலைக் களத்தில் குவித்தவருக்கு அதில் படியளந்து கொடுத்ததுதான் கூலி. இத்தனைக்கும் அரசுக்கு இது ஒளிவுமறைவான செய்தி இல்லை. வரி குறையக்கூடாது என்ற கவலைதான் முன்னே நின்றது.

பிரிட்டன் 1833இல் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியாவை விட்டுவிட்டது. 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டமும் யாரையும் வயலிலிருந்து அழைத்து வந்து விடுவிக்கவில்லை. ‘இவன் என் அடிமை’ என்ற வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்றது, அவ்வளவே. நிலம் கைக்கு வராதவர் கடனால் மீண்டும் கட்டுண்டார். ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1862இல், இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.